லுப்னாவுக்குச் சொல்லிக் கொடுத்தவை

ஜூலை 7, ஞாயிறு

மதரஸாவில் உம்மாமார்கள் கூட்டம் என்று லுப்னாவிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ‘உம்மா அவசியம் வரவும்’ என்று அச்சடித்திருந்தது. லுப்னா பேனாவால் ‘உம்மா’வை அடித்துவிட்டு, மேலே ‘வாப்பா’ என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். ஏழு வயது. எழுத்து இன்னும் கோணல்தான்.

உள்ளே நாற்பது பெண்கள் இருந்திருப்பார்கள். நான் மட்டும் வராந்தாவில், செருப்புகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். பாடம் நடத்தும் ஸபூரா ஆலிமாவின் குரல் திரைத்துணியைத் தாண்டி நன்றாகவே கேட்டது.

“ஹயா, வெட்கம்னு சொல்லி முக்காடு போடச் சொல்லிக் குடுக்கோம். சரிதான். ஆனா இந்த ஒடம்பு அல்லாஹ் நம்மள நம்பி, பத்திரமா பாத்துக்கன்னு கையில குடுத்த அமானிதம், அதுமேல கை வைக்க யாருக்கும் அனுமதி இல்லன்னு யாரு சொல்லிக் குடுக்கா? அது தெரிஞ்ச புள்ளைக்குத்தான் வெட்கம்னா என்னன்னு தெரியும்.”

வாரம் ஒரு பாடமாம். அதை வீட்டில் சொல்லிக் கொடுத்து, பிள்ளை என்ன சொல்லிற்று என்று எழுதி வைக்க வேண்டுமாம். நான் ஜங்ஷனில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். எழுதிப் பழக்கமில்லை. கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெறுமனே கிடக்கிறது. என் மனைவி ஜுனைதா இருந்தால் இதெல்லாம் அவள் வேலை. பிப்ரவரியில் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

கடைசியாக ஆலிமா, தப்பான ஆட்கள் பிள்ளைகளிடம் எப்படி ஆரம்பிப்பார்கள் என்று பேசத் தொடங்கினார். எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. கடை கிடையாது. அது பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜூலை 8, திங்கள்

முதல் பாடம்: ஒரு அறைக்குள் நுழையுமுன் அனுமதி கேட்பது. விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு முன்னால், மதியம் ஓய்வெடுக்கும்போது, இரவு இஷா தொழுகைக்குப் பிறகு என்று மூன்று நேரங்கள். அந்த நேரங்களில் பெற்றவர்கள் அறைக்கும் பிள்ளைகள் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

லுப்னாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியைத் தட்டி “அஸ்ஸலாமு அலைக்கும், தொறக்கலாமா?” என்கிறாள். உள்ளேயிருக்கும் பால் பேசுவதுபோல நான் “வ அலைக்கும் ஸலாம், வாங்கம்மா” என்று குரல் கொடுக்க வேண்டும். ஐந்து மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தோம்.

ஜூலை 10, புதன்

கீழரத வீதித் துணிக்கடையில் ஷிம்மி வாங்கப் போனேன். அளவு கேட்டார்கள். தெரியவில்லை. கையால் உயரம் காட்டினேன். கடைக்காரப் பெண் சிரிக்காமல் மூன்று அளவிலும் ஒன்றொன்று எடுத்துக் கொடுத்து, “போட்டுப் பாத்துட்டு மாத்திக்கலாம் பாய்” என்றாள்.

சாயங்காலம் பாடம் சொல்ல உட்கார்ந்தேன். உடம்பில் எந்த இடங்களை மறைக்க வேண்டும், எதை வேறு யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது. வார்த்தை வரவில்லை. ஜுனைதா தலைவாரும்போதே சொல்லி முடித்திருப்பாள். அவளுக்குச் சடை பின்னுவதும் பேசுவதும் ஒரே வேலை. நான் சீப்பைப் பிடித்தால் வாய் நின்றுவிடுகிறது.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்.

“கண்ணுக்குப் பக்கத்துல ஒரு வெரல் வந்தா இமை என்ன செய்யும்?”

“மூடிக்கும்.”

“யாருகிட்டயாவது கேட்டுட்டா மூடுது?”

“இல்ல, அதுவா மூடிக்கும்.”

“அந்த மாதிரிதான். ஷிம்மியும் ஜட்டியும் மறைக்கிற எடத்துக்கு யாரு கை வந்தாலும், யாரையும் கேக்கண்டாம். தள்ளி விட்டுட்டு வேண்டாம்னு கத்திட்டு ஓடியாந்துரணும்.”

“டாக்டர் வந்தா?”

“வாப்பா பக்கத்துல இருந்தா மட்டும்.”

“வாப்பா கை வந்தா?”

இனிமேல் நீயே குளிக்க வேண்டும், நீயே கழுவிக்கொள்ள வேண்டும், சோப்பு கண்ணில் பட்டால் மட்டும் என்னைக் கூப்பிடு என்றேன். பெரிய மனுஷியைப் போலத் தலையாட்டினாள்.

ஜூலை 12, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மாமி வீட்டில் சாப்பாடு. எட்டு வயதில் தாய் தகப்பனை இழந்து நான் வந்து சேர்ந்த வீடு. மாமி இன்றும் எனக்கு ஈரலைத் தனியாக எடுத்து வைக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்வரை லுப்னா இருப்பதும் அங்கேதான்.

மாமியின் ஒரே மகன் இலியாஸ் மச்சான் பள்ளிவாசலிலிருந்து பழம் வாங்கி வந்திருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் மையித்து என்றாலும் முதலில் நிற்பவர். ஜுனைதாவை அடக்கக் கொண்டுபோன சந்தூக்கை முன்னால் தூக்கியவர். அவர் மனைவி தாய் வீட்டுக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

லுப்னாவை மடியில் தூக்கி வைத்து, “மாமாக்கு ஒரு முத்தம் குடு” என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

“குடும்மா, மாமாதானே” என்றேன். கொடுத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் மச்சான் என் தோளில் கை வைத்து, “மசூது, நீ ஒண்ணுக்கும் கவலப்படாத” என்றார். நான் எழுந்து போய் மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்து வழிந்தது. மாமி சத்தம் போட்டாள்.

திரும்பும் வழியில் லுப்னா பேசவில்லை. வெயில்.

ஜூலை 14, ஞாயிறு

இந்த வாரப் பாடத்தை ஆலிமா சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார். பெரியவர்களைப் பார்த்தால் ஸலாம் சொன்னால் போதும். மனசில்லாத பிள்ளையைக் கட்டிப்பிடி, முத்தம் கொடு என்று யாரும் சொல்லக்கூடாது, பெற்றவர்களும்கூட.

வாசித்துக் காட்டினேன். லுப்னா சீட்டை வாங்கித் தானும் பார்த்தாள்.

“அப்ப வெள்ளிக்கிழம நீங்க ஏன் குடுக்கச் சொன்னீங்க?”

“தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ.”

“இனி சொல்ல மாட்டீங்கல்ல?”

“மாட்டேன்.”

பிள்ளை சொன்னதை எழுதி வைக்கச் சொன்னார்களே, எழுதிவிட்டேன்.

ஜூலை 17, புதன்

பள்ளிக்கூடம் விட்டு மாமி வீட்டுக்குப் போகமாட்டாளாம். மதரஸாத் திண்டிலேயே நான் வரும்வரை உட்கார்ந்திருப்பாளாம். மாமி மனசு சங்கடப்படும் என்று சொல்லி அந்த வீட்டுக்கே அனுப்பினேன்.

ஜூலை 19, வெள்ளி

வயிற்றுவலி என்று சொல்லி மாமி வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

அலமாரியை ஒழுங்கு செய்தேன். ஜுனைதாவின் தொழுகை உடையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்து வெளியே வைப்பேன், மடித்து உள்ளே வைப்பேன். நெற்றி படும் இடத்தில் துணி கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. துவைத்தால் போய்விடும். துவைக்கவில்லை.

ஒன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். கல்யாணமான புதிதில் நான் சமையலறையில் நிற்கும்போது பின்னால் வந்து தோளைத் தொட்டாள். கையிலிருந்த கிளாஸை அப்படியே போட்டு உடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எப்போதும் முன்னால் வந்து நின்று, நான் பார்த்த பிறகுதான் தொடுவாள். ஒன்பது வருஷமும். மூன்று தடவை கேட்டிருக்கிறாள். “ஒங்களுக்கு என்ன நடந்துச்சு, எங்கிட்ட சொல்லக்கூடாதா?” சொல்ல என்ன இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுவேன். கோபப்பட மாட்டாள். “சரி, சொல்லணும்னு தோணும்போது சொல்லுங்க, நான் எங்க போகப் போறேன்” என்பாள்.

ஜூலை 22, திங்கள்

சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கே கடையிலிருந்து வந்துவிட்டேன். லுப்னாவைக் கூட்டிக்கொண்டு வந்து, பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பாடம் சொன்னேன். இந்த வாரம் ரகசியம்.

பெருநாளைக்கு வாங்கிய சட்டையைச் சொல்லாமல் வைத்திருப்பது நல்ல ரகசியம், நாலு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உடம்பைத் தொட்டுவிட்டு யாரிடமும் சொல்லாதே என்றால் அது ரகசியம் இல்லை, அதை உடனே வாப்பாவிடம் சொல்ல வேண்டும். சீட்டைப் பார்த்து அப்படியே சொன்னேன்.

லுப்னா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டா?”

“அந்த வாக்கு செல்லாது. முறிச்சா பாவம் இல்ல.”

“சொல்லாதன்னு சொன்னது பெரியவங்களா இருந்தா?”

“யாரா இருந்தாலும்.”

“மாமாவா இருந்தா?”

என் கை மேஜை மேலிருந்தது. அதை எடுக்கக்கூடாது, முகத்தை மாற்றக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

“மாமாவா இருந்தாலும் சொல்லலாம்மா.”

சொன்னாள். மாமி தூங்கும் நேரத்தில் மாமா மாடிக்குக் கூப்பிடுவாராம். கதவைச் சாத்திவிட்டு மடியில் உட்கார வைப்பாராம். கை எங்கே வந்தது என்றும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். மூன்று தடவை. போன வாரம் நான்காவது தடவை, இமை மாதிரி தள்ளிவிட்டு, வேண்டாம் என்று கத்திவிட்டுக் கீழே ஓடி வந்துவிட்டாளாம்.

“வாப்பாட்ட சொன்னா வாப்பா அழுவாங்க, ஏற்கெனவே உம்மா மௌத்தானதுல அழுதுட்டு இருக்காங்கன்னு மாமா சொன்னாங்க. அதான் சொல்லல.”

“நீ சொன்னது ரொம்ப நல்ல காரியம். நீ ஒரு தப்பும் பண்ணல. வாப்பா ஒன்ன நம்புதேன். இனி அந்த வீட்டுக்கு நீ போகவே வேண்டாம்.”

“நீங்க அழலையே?”

“இல்லம்மா.”

பாலைக் குடித்து முடித்துவிட்டுப் படம் வரையப் போனாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

‘மாமிட்ட சொன்னா மாமி அழுவா, ஒன்ன இந்த வீட்ட விட்டு அனுப்பிருவா.’ அந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். அதே மாடி அறை. எனக்கு ஒன்பது வயது. அவருக்கு இருபத்தொன்று. இரண்டு வருஷம் நடந்தது.

எழுதிவிட்டேன். இருபத்தேழு வருஷத்தில் இதை முதல்முதலாகப் பார்ப்பது இந்தத் தாள்தான். அந்த வீட்டுக்கு என் பிள்ளையைத் தினமும் என் கையாலேயே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். எனக்கு நடந்தது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அதுவும் பொய். நான் நினைக்கவே இல்லை. நினைக்காமலிருப்பதையே ஒரு வேலையாகச் செய்துவந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஸபூரா ஆலிமாவைப் போய்ப் பார்த்தேன். அவர் கணவர் ஹஜ்ரத்தும் கூட உட்கார்ந்திருந்தார். லுப்னா சொன்னதைச் சொன்னேன். என்னுடையதைச் சொல்லவில்லை.

ஆலிமா, “புள்ளையத் திட்டினியளா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ். பாதிப் பேரு மொதல்ல புள்ளையத்தான் அடிக்காங்க.”

“ஊரு என்ன சொல்லும் ஆலிமா? பொம்பளப் புள்ள. வெட்கக்கேடுன்னு...”

“வெட்கக்கேடு யாருக்கு? செஞ்சவனுக்கு. வாய மூடிக்கிட்டு இருக்கிறதுக்குப் பேரு ஹயா இல்ல பாய். அநியாயத்த மறைக்கச் சொல்லி மார்க்கத்துல எங்கயும் இல்ல.”

ஹஜ்ரத், “போலீஸுக்குப் போகணும். சட்டமும் அதான் சொல்லுது. நானும் கூட வாரேன்” என்றார். ஆலிமா குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தானே போன் போட்டு என்னிடம் கொடுத்தார். 1098. மறுமுனையில் ஒரு பெண், பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள், பாதுகாப்பாக இருக்கிறாளா என்றுதான் முதலில் கேட்டாள்.

ஜூலை 24, புதன்

மாமியிடம் என் வாயால் சொல்லாமல் புகார் கொடுக்க மனசு வரவில்லை. காலையில் போனேன். மச்சான் வெளியே போயிருந்தார். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சொன்னேன்.

“எம் புள்ளையா? ஏலே மசூது, யாரோ ஒன் மனசக் கலைச்சிருக்காவ. அவன் இல்லன்னா ஒம் பொண்டாட்டி மையித்து நேரத்துக்கு எடுபட்டிருக்குமா?”

“லுப்னா சொன்னா மாமி.”

“ஏழு வயசுப் புள்ள. டீவில கண்டதையும் பாக்குது. இத நம்பி நீ போலீஸுக்குப் போவியா? நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்? எங்கையால சோறு ஊட்டி வளத்தேன்லா.”

“ஒரு கொறையும் வைக்கல மாமி.”

“அப்போ?”

“ஏழு வயசுப் புள்ள சொன்னத நான் நம்பாம இருக்க முடியாது மாமி. ஒம்பது வயசுல நான் சொல்லாம விட்டதத்தான் அவ சொல்லியிருக்கா.”

மாமியின் கை நின்றது. என்ன என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்கவில்லை. யாரிடம் என்று கேட்கவில்லை. ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பதினொரு வயதில் ஒருநாள் திடீரென்று மாடியிலிருந்த என் பாயை எடுத்துவந்து தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டவள் மாமிதான். ‘மாடியில ஒழுகுது’ என்றாள். அது கோடைக்காலம்.

“நீங்க அப்பவே கேட்டிருக்கலாம் மாமி.”

“கேட்டு என்னலே செய்வேன்” என்றாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். “எனக்கு இருந்தது அவன் ஒருத்தந்தானலே.”

ஜூலை 25, வியாழன்

புகார் கொடுத்தாகிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

வாக்குமூலம் எடுக்க ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கே வந்தார். காக்கி இல்லை, பச்சைப் பருத்திச் சேலை. பக்கத்தில் இருந்தால் போதும், நடுவில் பேசக்கூடாது என்று என்னிடம் சொன்னார். லுப்னா அவருக்குத் தன் படங்களைக் காட்டினாள். பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாக. “மொதல்ல பயமா இருந்துச்சு, பெறகு வாப்பா சொல்லிக் குடுத்தாங்க” என்றாள்.

சாயங்காலம் போலீஸ் வந்து மச்சானை அழைத்துப் போனார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

தெருப் பெரியவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பள்ளிவாசலிலேயே வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம், புகாரை வாபஸ் வாங்கிவிடு, உன் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா என்றார்கள். டீ போட்டுக் கொடுத்தேன்.

“எம் மகளுக்கு ஏழு வயசு. இப்ப அவளுக்கு மாப்பிள்ள வேண்டாம். வாப்பா போதும்” என்றேன்.

ஒருவர் டீயைத் தொடாமல் எழுந்து போனார். கடைசியாகப் போன பெரியவர் மட்டும் வாசலில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல், “நீ செஞ்சது சரிதான்” என்றார். அவர் கண்கள் ஏன் அப்படி இருந்தன என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் எத்தனை பேர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 31, புதன்

பள்ளி விட்டதும் லுப்னா ஆலிமா வீட்டில் இருக்கிறாள். அங்கே ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணில் ஏற்பாடு செய்துகொடுத்த ஆலோசகர் அம்மாவிடம் இன்று இரண்டாம் தடவை கூட்டிப் போனேன். வெளியே வரும்போது பசிக்கிறது என்றாள். இரண்டு பரோட்டா சாப்பிட்டாள்.

கடைக்குப் போக மாமி வீட்டுத் தெருதான் குறுக்குவழி. நான் சுற்றிப் போகிறேன். இன்று முனையில் நின்று பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணி, மாமி பாங்கு சத்தத்துக்குக் காத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருக்கும் நேரம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே போய்ச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா மாமி என்று கேட்க வேண்டும்போல இருந்தது. இப்படி ஆசைப்படுவது சரியா என்று தெரியவில்லை. ஆசையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு மையவாடிக்குப் போனேன். ஜுனைதாவிடம் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ஓதிவிட்டு நின்றேன். பக்கத்தில் இன்னொரு கப்றுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். லுப்னாவுக்குச் சடை நேராக வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் லுப்னாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நானாகவே காவல் நிலையத்துக்குப் போனேன். அதே அதிகாரி. இன்று காக்கியில் இருந்தார். என்னைப் பார்த்ததும், “பாப்பா நல்லா இருக்காளா?” என்றார்.

“நல்லா இருக்கா மேடம். நான் அவளுக்காக வரல. என்னோடது ஒண்ணு சொல்லணும்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். திறந்தே இருக்கட்டும் என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி என்று வந்து உட்கார்ந்தார். வெள்ளைத்தாள் எடுத்தார். ரொம்பப் பழைய விஷயம், இதைத் தனி வழக்காக எடுக்க முடியுமா என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும், ஆனால் பாப்பா வழக்கில் இது உதவும் என்றார். உதவினால் போதும் என்றேன்.

பெயர், வயது, தகப்பனார் பெயர், தொழில். அதன் பிறகு சொன்னேன். இடையில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டேன். லுப்னா என்னிடம் சொன்னபோது அவளுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு அவர் கேட்டார்.

“இத இதுக்கு முன்னால யாருகிட்டயாவது முழுசா சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல.”

“மனைவிகிட்ட?”

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் ஒரே டிபன்பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ புகாருக்கு வந்தவர்கள். அந்தப் பெண் தன் பங்கிலிருந்து பாதியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றேன்.

அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து, ‘இல்லை’ என்று எழுதினார்.